தலைநோயும் தணிவும்: கொத்துத் தலைவலிச் சிகிச்சையின் வரலாறு

நோய் இன்னதென்று தெளிதல், அதன் காரணத்தை ஆராய்தல், அதன்பின் அதனைத் தணிக்கும் வழியைத் தேர்தல் என மருத்துவத்துக்கு ஓர் ஒழுங்கினைத் திருவள்ளுவர் வகுத்துள்ளார். அறிவுக்கு ஒத்த ஒழுங்கு அதுவே என்பதில் ஐயமில்லை. ஆயினும், மருத்துவத்தின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, மனிதன் தன் நோய்களை எப்பொழுதும் அந்த ஒழுங்கிலேயே வென்றான் அல்லன் என்பது புலனாகும். சில நோய்களிலே தணிக்கும் வழி முதலிற் கிடைத்தது. காரணம் பின்னரே துலங்கியது. வேறு சிலவற்றிலே, காரணம் இதுவென்று அறிஞர் போற்றிய கொள்கை பிழையாய் முடிய, அவர்கள் போகிறபோக்கிற் சொல்லிச்சென்ற சிறு குறிப்பு ஒன்று நிலைத்துநின்றது. இவ்விரண்டுக்கும் ஒருங்கே எடுத்துக்காட்டாய் அமைவது கொத்துத் தலைவலி என்னும் கொடுநோயின் வரலாறாகும்.

நோயின் இயல்பு

தலைவலி யாவரும் அறிந்த துன்பம். அதனாலேயே தலைவலி என்று சொல்வாரிடத்து உலகம் அதிகம் இரங்குவதில்லை. ஆனால், கொத்துத் தலைவலி ஏனைய தலைவலிகளோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதன்று. அது தலையின் ஒரு பக்கத்திலே, கண்ணைச் சுற்றியும் நெற்றிப்பொட்டிலும் எழுவது. வலி எழுந்த பக்கத்துக் கண் சிவந்து நீர் சொரியும், மூக்கு அடைபடும் அல்லது ஒழுகும், மேலிமை தாழும், கண்மணி சுருங்கும். கால்மணி நேரம் முதல் மூன்று மணி நேரம் வரையும் நீடித்துப் பின் வந்தவாறே மறையும். சிலர்க்கு ஒரு நாளில் எட்டு முறை வரையும் வருதல் உண்டு. ஒற்றைத் தலைவலி உற்றவர் இருண்ட அறையிலே அசையாது கிடக்க விரும்புவர். கொத்துத் தலைவலி உற்றவரோ இருக்கவும் மாட்டார், கிடக்கவும் மாட்டார். அறைக்குள்ளே முன்னும் பின்னும் நடப்பார். தலையைக் கையாற் பற்றி ஆடுவார். சுவரில் மோதிக்கொள்வதும் உண்டு. மனிதர் அறிந்த வலிகளுள்ளே மிகக் கொடியவற்றுள் ஒன்றாக இதனை வைத்தியர் எண்ணுகின்றனர்.

இந்நோயின் வியப்புக்குரிய குணம் அதன் காலந்தவறாமை. பலர்க்கு நாள்தோறும் ஒரே நேரத்தில், பெரும்பாலும் துயின்று ஓரிரு மணி கழிந்த அளவிலே, வலி அவர்களைத் துயிலெழுப்பும். இவ்வாறு சில வாரமோ சில மாதமோ நாள்தோறும் தாக்கிய பின்னர் முற்றாக நீங்கும்; பல மாதம், சிலர்க்குப் பல ஆண்டு, வாராதிருக்கும்; பின் ஒரு பருவத்திலே மீண்டும் தொடங்கும். தாக்குதல்கள் இங்ஙனம் கொத்துக் கொத்தாய் வருதலினாலேயே நோய் இப்பெயர் பெற்றது. இடைவெளியின்றி ஆண்டு முழுதும் வருந்துவோரும் உளர். அவர்தம் நிலை நாட்பட்ட கொத்துத் தலைவலி எனப்படும். ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் உண்டென்பது கணக்கு. ஆண்களிடத்தே மிகுதி.

இவ்வளவு தெளிவான அடையாளங்கள் இருந்தும், நோயாளர் பலர் தம் நோயின் உண்மைப் பெயரை அறியுமுன் ஆண்டுகள் பலவற்றை இழக்கின்றனர். வலி மேற்றாடை வரை பரவுதலின் பல்வைத்தியரிடஞ் சென்று பழுதற்ற பற்களைக் களைந்தோர் உளர். மூக்கு அடைபடுதலின் நெற்றியறை, கன்னவறை ஆகியவற்றின் அழற்சி என்று எண்ணி அறுவைக்கு உட்பட்டோரும் உளர். ஒரு நோயின் வரலாற்றை எழுதுதல் பழங்கதை கூறுதலாக மட்டும் அமையாது, இன்று வருந்துவோர்க்கும் பயன்படுவதாக அமைவது இக்காரணத்தினாலேயே.

பழைய ஏடுகளிற் காணப்படும் சான்று

நோய் புதியதன்று. ஒல்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்து வைத்தியரான நிக்கொலாஸ் துல்ப் 1641 ஆம் ஆண்டிலே தம் மருத்துவ அவதானிப்புக்களை நூலாக வெளியிட்டார். ஓவியர் றெம்பிரான்ட் 1632 இல் தீட்டிய புகழ்பெற்ற உடற்கூற்றுப் பாடம் என்னும் ஓவியத்திலே பிணத்தை அறுத்துக் காட்டிநிற்பவர் இவரே. கோடை தொடங்கும் வேளையிலே ஒருவருக்கு நாள்தோறும் குறித்த நேரத்திற் கடுந்தலைவலி வந்து மறைந்ததென்றும், அது இரண்டு மணிக்கு மேல் நீடித்தல் அரிதென்றும், பதினான்காம் நாள் வரை தொடர்ந்ததென்றும் அவர் குறித்துள்ளார். கண்ணின் சிவப்பையோ கண்ணீரையோ அவர் கூறாமையால் அது கொத்துத் தலைவலியே என அறுதியிட்டுரைத்தல் இயலாது. ஆயினும் அச்சாயல் மறுக்கத்தக்கதன்று.

ஐயத்துக்கு இடமின்றி இந்நோயை வருணித்தவர் ஜெராட் வான் சுவீட்டன். லெய்டன் நகரத்திலே போயர்ஹாவ என்னும் பேராசானிடங் கற்று, வியன்னாவில் மரியா தெரேசா அரசியின் வைத்தியராய் விளங்கியவர் அவர். 1745 இல் அவர் எழுதிய பகுதியொன்றிலே, உடல் வலிமை மிக்க நடுவயதினர் ஒருவருக்கு நாள்தோறும் ஒரே மணியில் இடக்கண்ணின் மேலே, ஒரே இடத்திலே வலி தொடங்கியதும், கண் சிவந்து நீர் பெருகியதும், கண்விழி தன் குழியிலிருந்து வெளியே தள்ளப்படுவது போன்ற வேதனையால் அவர் பித்துக்கொள்ளும் நிலையை எய்தியதும், சில மணியின் பின்னர்க் கண்ணிலே யாதொரு மாற்றமுமின்றி யாவும் மறைந்ததும் கூறப்பட்டுள்ளன. இருநூறு ஆண்டுக்கு மேல் எவரும் கருதாது கிடந்த இப்பகுதியை 1993 இலே சுவிற்சர்லாந்தின் நரம்பு வைத்தியர் ஹான்ஸ்ருடி இஸ்லர் எடுத்துக்காட்டினார். இக்கால வைத்தியர் வகுத்த இலக்கணங்கள் அதிற் பொருந்திநிற்றல் கண்டு அறிஞர் வியந்தனர். கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்தவன் கொள்கை ஒன்றும் கூறாவிடினும், அவன் எழுத்து நூற்றாண்டுகளைக் கடந்து சான்று பகரும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

பெயர்கள் பல, நோய் ஒன்று

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இந்நோய் பல கைகளிற் பல பெயர்களைப் பெற்றது. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்துக் கிறீன்பீல்ட் ஸ்லூடர் 1908 இல், மூக்கின் பின்புறத்தே அமைந்த நரம்புத்திரட்டு ஒன்றிலிருந்து இத்தகைய வலி எழுகிறதென்று கருதி, அத்திரட்டின் மேற் கொக்கெயின் பூசினார். சுவிற்சர்லாந்தின் றொபேட் பிங் 1930 அளவில் முகச்சிவப்பினைக் கருதி வேறொரு பெயர் இட்டார். மூக்கினூடாகச் செல்லும் நரம்பொன்றின் பெயரால் அழைத்தாரும் உளர். இலண்டன் நகரத்து வில்பிரட் ஹரிஸ் 1926 இல் எழுதிய நூலிலே நோயின் இயல்புகளைத் திரட்டிக் கூறி, ஒற்றைத் தலைவலியின் இயல்பு கலந்த நரம்புவலி எனப் பெயரிட்டார். முக்கிளை நரம்பின் திரட்டிலே மதுசாரத்தை ஊசிமூலம் ஏற்றி வலியை மாய்க்கும் முறையிலே கைதேர்ந்தவர் அவர். அவ்வகைச் சிகிச்சையால் முகத்தின் ஒரு பக்கம் உணர்விழத்தலும் கூடும். எனினும் நோயின் கொடுமையை உணர்ந்தார்க்கு அது பெருவிலையாகத் தோன்றவில்லை.

ஒவ்வொருவரும் தத்தம் துறையின் சாளரத்தினூடே நோக்கினர். மூக்கு வைத்தியர் மூக்கிலே காரணங் கண்டார்; நரம்பு வைத்தியர் நரம்பிலே கண்டார். யானையைத் தடவிய குருடர் கதை ஈண்டு நினைவுக்கு வரும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் தொட்ட உறுப்புக்கள் யாவும் உண்மையிலே இந்நோயோடு தொடர்புடையன என்பதைப் பிற்கால ஆராய்ச்சி உறுதிப்படுத்தியுள்ளது.

ஹோர்ட்டனின் கொள்கையும் குறிப்பும்

இவ்வரலாற்றின் நடுநாயகமாய் நிற்பவர் பேயாட் ஹோர்ட்டன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மேயோ வைத்தியசாலையிலே பணியாற்றிய அவர், 1939 இல் தம் துணைவருடன் இந்நோயைப் புதியதொரு தலைவலியாக வெளியிட்டார். ஹிஸ்டமீன் என்பது உடலிலே இயல்பாகச் சுரந்து இரத்தக் குழாய்களை விரியச்செய்யும் பொருள். அதனை உடலிற் செலுத்தினால் முகம் சிவக்கும், தலை வலிக்கும். நோயாளரிடத்துக் காணப்படும் சிவப்பு, கண்ணீர், மூக்கொழுகல் யாவும் ஹிஸ்டமீனின் செயலையே ஒத்தன எனக் கண்ட ஹோர்ட்டன், அப்பொருளே நோய்க்கு மூலம் என முடிபுசெய்தார். மிகச் சிறிதளவு ஹிஸ்டமீனைத் தோலின் கீழ் ஏற்றி, நாளுக்கு நாள் அளவைக் கூட்டி, உடலை அதற்குப் பழக்கினால் நோய் தீரும் என்பது அவர் வகுத்த சிகிச்சை. பலர் குணமடைந்தனர் என்று அவர் அறிவித்தார். நோய்க்கு அவர் பெயரும் ஹிஸ்டமீனின் பெயரும் பல்லாண்டு வழங்கின.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கொத்துத் தலைவலி இயல்பாகவே சில வாரங்களில் நீங்கும் நோய். சில வாரம் நீடிக்கும் சிகிச்சை எதனைச் செய்தாலும், முடிவில் நோய் நீங்கியிருத்தல் கூடும். பனம்பழம் விழுந்ததற்குக் காகம் அமர்ந்தமை காரணமாமோ? மருந்து பெற்றோரை, மருந்து போன்ற ஒன்றைப் பெற்றோருடன் ஒப்பிட்டாலன்றி உண்மை விளங்காது. அத்தகைய ஒப்பீட்டின் துணை ஹிஸ்டமீன் சிகிச்சைக்குக் கிடைக்கவில்லை. 1970 களிலே ஹிஸ்டமீனின் செயலைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்து ஆராய்ந்தபோது அவற்றாற் பயன் விளையவில்லை. கொள்கை தளர்ந்தது, சிகிச்சையும் வழக்கொழிந்தது.

ஆனால், ஹோர்ட்டன் வேறொன்றையும் கண்டிருந்தார். அவர் பணியாற்றிய வைத்தியசாலையிலேயே வோல்ட்டர் அல்வாறெஸ் என்பவர் 1940 அளவிலே தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்து தலைவலியைத் தணித்தலைப் பற்றி எழுதியிருந்தார். 1950 களில் ஹோர்ட்டன், தாக்குதல் தொடங்கும் வேளையிலே ஒட்சிசனைச் சுவாசிப்பின் கொத்துத் தலைவலியும் தணியும் என்று குறித்தார். தம் பெருங்கொள்கையின் பக்கத்திலே அவருக்கு இது சிறு செய்தியாகவே இருந்தது. காலம் அக்கொள்கையைக் கைவிட்டுச் சிறு செய்தியைக் காத்துக்கொண்டது.

எர்கொட் தந்த மருந்துகள்

கொத்து என்னும் பெயர் இதே காலத்தில் எழுந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துச் சாள்ஸ் குங்கிளும் அவர் துணைவரும் 1952 இல் எழுதிய கட்டுரையிலே, குறுகிய தலைவலி கொத்தாக வருதலைச் சிறப்பித்துக் கூறினர். காரணத்தைப் பற்றி யாதொரு துணிபும் இன்றி, கண்ட ஒழுங்கினை மட்டும் சுட்டிய அப்பெயர் ஏனைய பெயர்களையெல்லாம் வென்றது.

அக்காலத்திலே கையாளப்பட்ட மருந்துகளிற் சிறந்தது எர்கொட்டமீன். கம்பு, கோதுமை ஆகியவற்றுக்கு இனமான றை என்னும் தானியத்தின் கதிரிலே வளரும் ஒருவகைப் பூஞ்சணம் எர்கொட். ஐரோப்பாவிலே மத்திய காலத்தில் அப்பூஞ்சணம் கலந்த மாவை உண்டோரின் கைகால்களில் இரத்தவோட்டம் தடைப்பட்டு அவை கருகி அழுகின. அந்நோயைப் புனித அந்தோனியாரின் நெருப்பு என்று மக்கள் அஞ்சினர். அந்நஞ்சிலிருந்தே 1918 இல் சுவிற்சர்லாந்தின் பேசல் நகரத்து ஆதர் ஸ்ரோல் எர்கொட்டமீனைப் பிரித்தெடுத்தார். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அம்மருந்து ஒற்றைத் தலைவலிக்கு உதவியது. 1947 இல் சுவீடன் நாட்டுக் காள் ஆக்சல் எக்பொம் அதனைக் கொத்துத் தலைவலிக்கும் பயன்படுத்திக் காட்டினார். 1956 இல் இலண்டனிலே சேர் சாள்ஸ் சைமன்ஸ் இந்நோயைப் பற்றி எழுதியபோதும் எர்கொட்டமீனையே பெரிதும் போற்றினார். தாக்குதல் வரும் நேரம் முன்னரே தெரிதலின், அந்நேரத்துக்கு முன்பாக மருந்தை ஏற்றுதல் தக்கதாயிற்று. கொடிய நோயின் காலந்தவறாமையே அதனை எதிர்க்கும் கருவியுமாயிற்று.

எர்கொட்டின் வழியிற் பிறந்த மற்றொரு மருந்து மெதிசேர்ஜைட். 1959 இல் இத்தாலியின் புளோரன்சு நகரத்துச் சிக்குத்தேரி அதனை ஒற்றைத் தலைவலியைத் தடுத்தற்குப் பயன்படுத்தினார். கொத்துத் தலைவலிக்கும் அது நற்பயன் அளித்தது. ஆயின், நெடுநாள் உண்டோர் சிலர்க்கு வயிற்றின் பின்புறத்தே நார்த்திசு பெருகிச் சிறுநீர்க் குழாய்களை நெரித்தது. 1960 களின் நடுப்பகுதியில் இத்தீங்கு வெளிப்பட்ட பின்னர் அதன் வழக்கு அருகியது. மருந்தும் நஞ்சும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்பதை எர்கொட்டின் வரலாறு பலமுறை உணர்த்தியுள்ளது.

தந்தையின் பணியை மைந்தரும் தொடர்ந்தமை இவ்வரலாற்றில் ஓர் இனிய செய்தி. காள் ஆக்சல் எக்பொமின் மகனாகிய காள் எக்பொம் 1974 இலே, உளச்சோர்வும் உளவெழுச்சியும் மாறிமாறி வரும் மனநோய்க்கு வழங்கப்பட்ட இலிதியத்தை நாட்பட்ட கொத்துத் தலைவலிக்குக் கொடுத்துப் பயன் கண்டார். காலவட்டத்தில் வரும் ஒரு நோய்க்கு உதவும் மருந்து, அவ்வாறே வட்டமாக வரும் மற்றொரு நோய்க்கும் உதவுமன்றோ என்பது அவர் நினைவு. 1991 இல் அவர் முன்னின்று நடத்திய ஆராய்ச்சியிலே, சுமட்ரிப்டன் என்னும் மருந்தைத் தோலின் கீழ் 6 மில்லிகிராம் ஏற்றியபோது நூற்றுக்கு 74 தாக்குதல்கள் கால்மணி நேரத்துள் தணிந்தன. போலி மருந்தால் நூற்றுக்கு 26 மட்டுமே தணிந்தன. தாக்குதல்கள் வாராது தடுத்தற்கு, இதய நோய்க்கு உரிய வெரப்பமில் 1980 களிலிருந்து வழங்கலாயிற்று. இத்தாலியிலே மாசிமோ லெயோனே முதலியோர் 30 நோயாளரிடத்து நடத்திய சோதனை 2000 ஆம் ஆண்டில் அதன் பயனை நாட்டியது. இதயத் துடிப்பின் ஒழுங்கை அது குலைத்தல் கூடுமாதலின், அதனைப் பெறுவோர் இதய மின்வரைபடம் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

அரை நூற்றாண்டு காத்திருந்த காற்று

ஹோர்ட்டன் குறித்த ஒட்சிசனின் கதையை மீண்டும் தொடர்தல் தகும். 1981 இல் அமெரிக்காவின் லீ குட்ரோ 52 நோயாளர்க்கு, தாக்குதல் தொடங்கியதும் முகமூடியின் வழியாக நிமிடத்துக்கு 7 இலீற்றர் வீதம் ஒட்சிசன் அளித்து, நால்வரில் மூவர்க்கு நற்பயன் விளைந்தமையை வெளியிட்டார். 1985 இல் லான்ஸ் போகன் 19 ஆடவரிடத்தே ஒட்சிசனையும் சாதாரண காற்றையும், எது எதுவென நோயாளரும் வைத்தியரும் அறியாவகை அளித்து ஒப்பிட்டார், ஒட்சிசனே வென்றது. ஆயினும், ஐயந்தீரும் அளவுக்குப் பெரிய சோதனை 2009 இல் வெளியாயிற்று. இலண்டனிலே அன்னா கோயன், பீட்டர் கோட்ஸ்பி முதலியோர் நடத்திய அச்சோதனையில் நிமிடத்துக்கு 12 இலீற்றர் வீதம் ஒட்சிசன் அளிக்கப்பட்டது. கால்மணி நேரத்தின் பின்னர் வலி நீங்கியோர் அல்லது போதிய தணிவு பெற்றோர் நூற்றுக்கு 78. காற்றைப் பெற்றோருள் நூற்றுக்கு 20.

ஹோர்ட்டனின் குறிப்புக்கும் இச்சோதனைக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது. இத்தாமதத்துக்குக் காரணம் யாது? ஒட்சிசன் யாவர்க்கும் பொதுவான பொருள். அதற்கு உரிமை பெற்று விற்று வருவாய் ஈட்டுவார் இலர். ஆகவே, பெருஞ்செலவில் அதனைச் சோதிப்பாரும் அரியர். நிறுவப்படாத சிகிச்சைக்குப் பணம் அளித்தற்குக் காப்புறுதி நிறுவனங்களும் தயங்கும். 2009 ஆம் ஆண்டுச் சோதனை வெளியான பின்னரும், 2011 இல் அமெரிக்க அரசின் மெடிகேர் என்னும் மருத்துவக் காப்புறுதித் திட்டம், ஆராய்ச்சியிற் பங்குபற்றுவோர்க்கன்றி ஏனையோர்க்கு இந்நோயின் பொருட்டு வீட்டிலே ஒட்சிசன் பெறப் பணம் வழங்குதலில்லை என முடிபுசெய்தது. அம்முடிபு 2021 இலேயே நீக்கப்பட்டது. தீங்கு குறைந்ததும் விலை மலிந்ததுமான ஒரு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவும், அதனைப் பெறாது இரவுதோறும் துடித்தோர் எத்துணையர்! அறியாமை மட்டுமன்றி, அறிந்ததை நிறுவுதற்கு ஆளின்மையும் நோயை வளர்க்கும்.

மூளையின் கடிகாரம்

எர்கொட்டமீனும் ஒட்சிசனும் சுமட்ரிப்டனும் இரத்தக் குழாய்களைச் சுருக்குவன. ஆதலின், குழாய் விரிதலே நோய் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அவ்வெண்ணத்தாற் காலந்தவறாமையை விளக்கல் இயலவில்லை. குழாய்க்கு மணி தெரியுமோ?

1998 இல் ஆர்ன மே, கோட்ஸ்பி முதலியோர் இலண்டனிலே ஒன்பது நோயாளரை ஆராய்ந்தனர். நைத்திரோகிளிசரின் என்னும் மருந்தால் தாக்குதலை வருவித்து, அவ்வேளையில் மூளையின் எப்பகுதி விழிப்புறுகின்றது என்பதைப் படக்கருவியாற் கண்டனர். வலியுள்ள பக்கத்தே, மூளையின் அடியில் அமைந்த பரிவகக்கீழ் என்னும் சிறு பகுதி செயற்பட்டமை தெரிந்தது. துயில், விழிப்பு, ஓமோன்களின் சுரப்பு ஆகியவற்றை நாளின் பொழுதுக்கேற்ப நடத்தும் உடற்கடிகாரம் உறைவது அங்கேதான். வான் சுவீட்டன் குறித்த அதே மணி, துல்ப் குறித்த கோடைப் பருவம் ஆகியவற்றின் பொருள் அப்பொழுது துலங்கியது. தணிக்கும் வழிகள் பல கிடைத்த பின்னரே நோயின் முதல் எங்கே என்பது தெரியலாயிற்று.

இவ்வறிவு துணிவான ஒரு சிகிச்சைக்கு வழிவகுத்தது. மிலான் நகரத்திலே லெயோனே, பிரான்சினி, புசோனே ஆகியோர், எம்மருந்துக்கும் அடங்காத நாட்பட்ட நோயாளர் ஒருவரின் பரிவகக்கீழ்ப் பகுதியில் நுண்ணிய மின்வாயைப் பொருத்தி மின்னோட்டம் செலுத்தினர், வலி நின்றது. 2001 இல் இச்செய்தி வெளியாயிற்று. பிற நாட்டினரும் பின்பற்றினர். ஆனால், பெல்ஜியத்திலே இச்சிகிச்சை பெற்ற அறுவருள் ஒருவர் மூளைக்குள் இரத்தம் பெருகி இறந்தார். 2010 இல் வெளியான பிரெஞ்சுச் சோதனையிலே, மின்னோட்டம் பாய்ந்த மாதத்துக்கும் பாயாத மாதத்துக்கும் வேறுபாடு தெளிவாகவில்லை. ஆகவே, தீங்கு குறைந்த வழிகளை அறிஞர் நாடினர். பிடரி நரம்பிலே மின்வாயைப் பொருத்துதல், ஸ்லூடர் கருதிய அதே நரம்புத்திரட்டைத் தூண்டுதல், கழுத்தின் மேலே கருவியொன்றை வைத்து அலையும் நரம்பை வெளியிலிருந்தே தூண்டுதல் ஆகியன அவற்றுட் சில. 1908 இல் ஒருவர் கொக்கெயின் பூசிய இடத்துக்கு ஒரு நூற்றாண்டின் பின்னர் மின்கருவி வந்துசேர்ந்தது.

அண்மைக்கால ஆராய்ச்சிகள்

இரத்தத்திலே நிகழும் மாற்றங்களும் ஆராயப்பட்டன. 1994 இல் கோட்ஸ்பியும் சுவீடனின் லார்ஸ் எட்வின்சனும், தாக்குதலின்போது கழுத்து நாளத்து இரத்தத்திலே, சுருக்கமாகச் சி. ஜி. ஆர். பி. எனப்படும் பெப்தைட்டின் அளவு மிகுதலையும், ஒட்சிசனாலோ சுமட்ரிப்டனாலோ வலி தணிந்ததும் அது குறைதலையும் கண்டனர். இக்கண்டுபிடிப்பின் கனி பழுக்கக் கால்நூற்றாண்டு சென்றது. அப்பெப்தைட்டைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் பிறபொருளெதிரியான கல்கனேசுமாப் 106 நோயாளரிடத்துச் சோதிக்கப்பட்டு 2019 இல் முடிபு வெளியாயிற்று. முதல் மூன்று வாரத்திலே, வாரமொன்றுக்கு மருந்து பெற்றோர்க்குச் சராசரி 8.7 தாக்குதல்கள் குறைந்தன. போலி மருந்து பெற்றோர்க்கு 5.2 குறைந்தன. அவ்வாண்டிலேயே, விட்டுவிட்டு வரும் கொத்துத் தலைவலிக்கு அமெரிக்க அரசு அதனை அனுமதித்தது. நாட்பட்ட நோயாளரிடத்தோ அது பயன்படவில்லை. போலி மருந்து பெற்றோர்க்கும் தாக்குதல் இவ்வளவு குறைந்தமை கருதத்தக்கது. ஹோர்ட்டன் ஏன் பிழைபட்டார் என்பதற்கு இவ்வெண்ணே விடை.

பரம்பரை பற்றிய ஆராய்ச்சியும் முன்னேறியுள்ளது. பல நாட்டு அறிஞர் ஒன்றுகூடி 4,777 நோயாளரின் மரபுப்பொருளை ஆராய்ந்து 2023 இல் வெளியிட்ட கட்டுரை, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களைச் சுட்டியதோடு, புகைபிடித்தல் இந்நோய்க்கு ஒரு காரணமாதல் கூடும் என்பதற்கும் சான்று காட்டியது.

யாவற்றினும் வியப்புக்குரியது எர்கொட் குலத்தின் மறுவருகை. மெதிசேர்ஜைட்டுக்கு இனமான எல். எஸ். டி. என்னும் பொருளை ஸ்ரோலின் ஆய்வுகூடத்து அல்பேட் ஹொப்மன் 1938 இல் ஆக்கினார். மனத்தைத் திரிக்கும் அதன் இயல்பு 1943 இல் தெரியவந்தது. சிலவகைக் காளான்களிலுள்ள சைலோசிபினையும் 1958 இல் அவரே பிரித்தெடுத்தார். இப்பொருள்கள் பல நாடுகளிற் சட்டத்தால் விலக்கப்பட்டன. ஆயினும், எம்மருந்தும் உதவாத நோயாளர் சிலர் அவற்றைத் தாமே உண்டு, நோய் தணிந்ததென்று கூறினர். அவர் கூற்றைப் புறந்தள்ளாது, அமெரிக்காவிலே செவெல், ஹால்பேண், போப் ஆகியோர் 53 பேரை விசாரித்து 2006 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாக்குதலின்போது சைலோசிபின் உண்ட 26 பேரில் 22 பேர் வலி நின்றதென்றனர். இது நோயாளரின் கூற்றேயன்றிச் சோதனையன்று. யேல் பல்கலைக்கழகத்து இமானுவெல் ஷின்ட்லர் முதலியோர் 14 பேரிடத்துப் போலி மருந்துடன் ஒப்பிட்டு 2022 இல் வெளியிட்ட முடிபிலே தாக்குதல்கள் குறையும் சாயல் தெரிந்தது; ஆயின் எண்ணிக்கை சிறிதாதலின் அதனைக் கணிதம் உறுதிசெய்யவில்லை. டென்மார்க்கிலே நாட்பட்ட நோயாளர் பதின்மரை ஆராய்ந்து 2024 இல் வெளியான முடிபில், தாக்குதல்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன. அங்குப் போலி மருந்தின் ஒப்பீடு இல்லை. ஆதலின், இப்பொருளை மருந்தென்று கொள்ளுதற்கும் அல்லவென்று தள்ளுதற்கும் காலம் இன்னும் வாய்க்கவில்லை. வைத்தியரின் மேற்பார்வையின்றி அதனை நாடுதல் ஆபத்தானது. பெரிய சோதனைகளே தீர்ப்பளித்தல் வேண்டும்.

வரலாறு உணர்த்துவது

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து எதுவும் கண்டறியப்படவில்லை. ஆயினும், வான் சுவீட்டனின் நோயாளர்க்கு இல்லாத பல துணைகள் பிற்காலத்து நோயாளர்க்கு உண்டு. இத்துணைகள் கிடைத்தவாற்றை நோக்கின் இரண்டு உண்மைகள் தெளிவாகும். ஒன்று, கண்டதைத் திரிக்காது குறித்தவர் பணி ஒருபோதும் வீண்போவதில்லை. கொள்கைகள் வீழ்ந்தன, குறிப்புக்கள் நின்றன. ஹோர்ட்டனின் பெருமையும் அவர் கொள்கையிலன்று, தம் கொள்கைக்குத் தேவையற்ற ஒன்றையும் கண்டு எழுதிவைத்த நேர்மையிலேயே நிலைபெறுகின்றது. மற்றொன்று, ஒப்பிட்டு எண்ணிப் பாராத எச்சிகிச்சையும், அதனைப் புகழ்வார் எத்துணைப் பெரியராயினும், நிறுவப்பட்டதாகாது.

நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவான் என மருத்துவத்தின் பகுதிகளை நான்காக எண்ணிய வள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைத்தார். கொத்துத் தலைவலியின் வரலாற்றிலும் அவனே முதல்வன். வலி வரும் மணியை அறிந்தவன் அவன். எது தணித்தது, எது தணிக்கவில்லை என்று முதலில் உணர்ந்தவனும் அவன். அவன் சொல்லைப் பொறுமையோடு கேட்ட வைத்தியரிடத்தே இந்நோய் தன் இரகசியங்களை ஒவ்வொன்றாக வெளியிட்டது. கேளாதார் பழுதற்ற பற்களைப் பிடுங்கினர்.